சுண்டிக்குத் தெரிந்த இரண்டு விசைகள்

முதல் நாள், விஜயதசமி. 09:30

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இது பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டு. வலப்பக்கம் பேனா, இடப்பக்கம் பென்சிலில் படம். பேனாவால் எழுதியதை அழிக்கக் கூடாது. தவறானால் ஒரே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். புதிதாக எதையும் தொடங்க இன்று நல்ல நாள் என்று அம்மா சொன்னதால் இன்றே தொடங்குகிறேன்.

பெயர்: கோ. மரகதவல்லி, எட்டாம் வகுப்பு. இடம்: நிலவின் தென்முனை, வெண்பள்ளம் பனிச்சுரங்கக் குடியிருப்பு, காற்று அறை. இங்கே பெரியவர்கள் பதினான்கு பேர், நான் ஒருத்தி. மற்ற இரண்டு பிள்ளைகளும் போன கப்பலில் ஊருக்குப் போய்விட்டதால், எட்டாம் வகுப்பின் முதல் மாணவியும் கடைசி மாணவியும் நானே.

நோக்கம்: காற்று அறையில் ஒரு நாளின் வேலைகளைக் கவனித்து எழுதுதல்.

காண்பன: சுரங்கத்துக்குக் காற்று அனுப்பும் வால்வைப் பார்த்துக்கொள்வது ஒரு பழைய மேசைக் கணினி. அதில் ஓடுவது 'காற்றுக்காவல்' என்ற ஒரே ஒரு மென்பொருள். அதை எழுதிய கம்பெனி இப்போது இல்லை. மூன்று நிமிடத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கும் நடுவில், நினைத்த நேரத்தில், திரையில் நீலப் பட்டையுடன் ஒரு கட்டம் வரும்: 'பணியாளர் இருக்கிறாரா?' வந்த ஒரு நிமிடத்துக்குள் நான்காம் விசையைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால், காற்று அறையில் யாருமே உயிரோடு இல்லை என்று அது முடிவுசெய்து வால்வை மூடிவிடும். முழுதாக மூடினால் மறுபடி திறக்க எட்டு மணி நேரச் சோதனை. 'இல்லை' என்று சொல்ல ஒன்பதாம் விசை உண்டு. அதை யாரும் தொட்டதே இல்லை என்று அருளப்பன் மாமா சொல்கிறார். தூத்துக்குடிக்காரரான அவர்தான் இந்த நாற்காலியின் பணியாளர். கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பார்க்காமலே தட்டுவார்.

நேற்று ஆயுத பூஜை. சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் என் பொறுப்பு. கணினிக்கு, வால்வுக்கு, தண்டவாள ட்ராலிக்கு, சுரங்கத்தில் இருக்கும் மூன்று அசைவுக்கண்களுக்கு என்று ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தேன். அசைவுக்கண் என்பது ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் கண்ணாடிக் குமிழ். குமிழின் நட்டநடுவில், பெரிதாக, அழகாக வைத்தேன்.

இன்று மறுபூஜை முடிந்ததும் 11:00 மணிக்கு வேலை தொடங்கும். அசைவுக்கண்களின் கணக்கும் அப்போதுதான் புதிதாகத் தொடங்கும்.

முதல் நாள். 12:35

11:41-க்குத் தரை அதிர்ந்தது. மேசையிலிருந்த டம்ளர் இறகு மாதிரி மெதுவாக விழுந்தது. நான் அதைப் பிடித்துவிட்டேன். பிறகுதான் சங்கு ஊதியது.

சுரங்கத்தின் இரண்டாம் பகுதியில் கூரை இறங்கிவிட்டது. அதைத் தாண்டி மூன்றாம் பகுதியில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் என் அம்மா கோமளா; அந்தக் குழுவுக்குத் தலைவி. காற்றுக்குழாயும் தொலைபேசிக் கம்பியும் தரைக்கடியில் போவதால் தப்பித்தன.

தொலைபேசி, 11:58. அம்மா: "ஒம்போது பேரும் இருக்கோம்னு எழுதிக்க. பிச்சமுத்துக்குக் கால்ல அடி. காத்து வருது. எல்லாரையும் அசையாம படுக்க வச்சிருக்கேன், மூச்சு மிச்சமாவும். நீ சாப்ட்டியா?"

பின்னாலிருந்து பிச்சமுத்து அண்ணன்: "என் காலு கெடக்குது. பாப்பா, என் பூஜைச் சுண்டல் நீல டப்பால இருக்கு. தொட்ட, தெரியும் சேதி!"

பூமியிலிருந்து உதவிக் கப்பல் வர நான்கு நாள். நாமே தோண்டினால் நாற்பத்திரண்டு மணி நேரம். கூரையை நான்கு ஜாக்கிகள் தாங்கவேண்டும். எல்லா ஜாக்கியிலும் எண்ணெய் கசிவதால் ஆளுக்கொன்றாகக் கையால் அடித்துக்கொண்டே இருக்க நான்கு பேர் வேண்டும். தோண்டும் இயந்திரத்துக்கு ஒருவர். வெளியே மிஞ்சிய பெரியவர்கள் சரியாக ஐந்து பேர்.

அருளப்பன் மாமா எழுந்து என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். நான்கு தடவை தட்டிக் காட்டினார். ஐந்தாவதை நான் தட்டினேன். அவர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

வால்வு மூடினால் அவர்களிடம் இரண்டு மணி நேரக் காற்றுதான் இருக்கும். இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை தட்டியிருக்கிறேன்.

முதல் நாள். 16:10

தட்டியது: 61.

நாற்பத்திரண்டு மணி நேரம் தூங்காமல் இருக்க என்னால் முடியாது. முடியும் என்று எழுதினால் அது பொய். ஆகவே இதைத் தானாகத் தட்டவைக்க வேண்டும்.

முயற்சி 1. கணினிக்குள்ளேயே ஒரு சின்ன நிரல் எழுதி விசையைத் தட்டச் சொல்லலாமா? முடியாது. காற்றுக்காவலுக்கு வெளியிலிருந்து கட்டளை வாங்கத் தெரியாது. அதற்குள் எதையும் எழுதவும் இடமில்லை. கணினியின் துளைகளை எல்லாம் யாரும் எதையும் செருகக் கூடாதென்று ஆய்வாளர்கள் எப்போதோ பசை ஊற்றி அடைத்துவிட்டார்கள். விசைப்பலகை இரும்புப் பெட்டியோடு திருகப்பட்டிருக்கிறது. அது பேசுவது திரை வழியாக மட்டும். கேட்பது விசை வழியாக மட்டும். மனிதர் ஒருவர் எதிரே இருப்பார் என்று நம்பியே அதைச் செய்திருக்கிறார்கள்.

முயற்சி 2. விசையின் மேல் கல்லை வைத்தால்? அழுந்தியே இருக்கும் விசையை அது கணக்கில் எடுக்கவில்லை. 'விசைத் தவறு 1' என்று காட்டியது. கல்லைத் தூக்கிவிட்டேன். மூன்று தவறு ஆனால் வால்வு மூடிவிடும் என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது. அதை முன்பே படித்திருக்க வேண்டும்.

முயற்சி 3. மின்விசிறி மோட்டாரில் ஒரு கரண்டியைக் கட்டி நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டவைத்தேன். கட்டம் வராதபோதே கரண்டி தட்டிவிட்டது. 'விசைத் தவறு 2.'

இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

அறிவது: கடிகாரத்தைப் பார்த்துத் தட்டினால் போதாது. திரையைப் பார்த்துத் தட்ட வேண்டும். அதாவது எனக்குக் கண்ணுள்ள ஒரு கை வேண்டும்.

சுண்டி இருக்கிறது!

முதல் நாள். 20:00

தட்டியது: 118.

சுண்டி என்பது நாங்கள் மூன்று பிள்ளைகள் போன வருடம் அறிவியல் கண்காட்சிக்காகச் செய்த கேரம் விளையாடும் கை. முழங்கை வரைதான் இருக்கும். மேலே ஒரு கேமரா. வெள்ளைக் காய், கறுப்புக் காய், சிவப்புக் காய் மூன்றும் அதற்குத் தெரியும். சிவப்பைக் கண்டால் மற்றதை விட்டுவிட்டு அதைத்தான் அடிக்கும். இரண்டாம் பரிசுதான் கொடுத்தார்கள், ஏனென்றால் நடுவரின் கண்ணாடியில் ஒரு காய் பட்டுவிட்டது.

கிடங்கிலிருந்து அதை எடுத்துவர ஆறு நடை ஆயிற்று. ஒவ்வொரு நடைக்கும் இரண்டு நிமிடம். கட்டம் மறைந்ததும் ஓடி, அடுத்தது வருவதற்குள் திரும்பிவிடுவேன். முதல் நடையில் அடித்தட்டு, இரண்டாவதில் கை, அப்புறம் கேமரா, மின்கம்பி, திருகுகள். ஆறாவது நடையில் திருகுகளைத் தேட நேரமாகிவிட்டதால், கட்டம் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. பதினொரு வினாடி மிச்சம் இருந்தபோது தட்டினேன்.

தொலைபேசி, 19:40. அம்மா: "என்னாடி மூச்சு வாங்குது?"

"மாடிப்படி ஏறினேன்" என்றேன். அது பொய். இங்கே மாடியே கிடையாது. அம்மாவுக்கும் தெரியும். அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு: "ஓடு. ஆனா நாற்காலிய விட்டு ரொம்ப தூரம் ஓடாத."

பிச்சமுத்து அண்ணனின் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டேன். முழுவதும். உப்பு குறைவு.

இரண்டாம் நாள். 08:15

தட்டியது: 301. தூங்கியது: இல்லை.

கண் எரிகிறது. எழுத்து சாய்கிறது, மன்னிக்கவும். ஒரு தடவை கட்டம் வந்துவிட்டது என்று எண்ணி விரலை வைக்கப் போனேன், வரவில்லை, விரலை முடி அகலத்தில் நிறுத்தினேன். இனி என் கண்ணைவிடச் சுண்டியின் கண்ணை நம்பலாம்.

செய்முறை: சுண்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே நான்காம் விசையின் மேல் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தேன். அதற்கு அது சிவப்புக் காய். திரையின் நடுவில் கட்டம் தோன்றினால் சிவப்பை அடி. கட்டம் இல்லையென்றால் சும்மா இரு. இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தேன். விசையின் மேல் சோப்பு டப்பா மூடியைக் கவிழ்த்து அதன்மேல் பொட்டு வைத்துத்தான் முதலில் சோதித்தேன். தட்டும் வேலையைப் பக்கவாட்டில் விரலை நுழைத்து நான் பார்த்துக்கொண்டேன்.

முதல் அடியில் மூடி பறந்து சுவரில் மோதியது. வேகத்தைக் குறைத்தேன். இரண்டாவது அடி விசைப் பக்கமே வரவில்லை. திரையின் ஓரத்தில் நான் வைத்த பூஜைப் பொட்டைப் போய்த் தட்டியது. அந்தப் பொட்டை ஈரத்துணியால் துடைத்தேன். மூன்றாவதிலிருந்து சரி.

08:02-க்கு மூடியை எடுத்துவிட்டேன். சுண்டி தானே விசையைத் தட்டியது. டக். கட்டம் மறைந்தது. இடம் பழகிவிட்டதால் இனிப் பொட்டைத் தேடவும் வேண்டாம். ஒவ்வொரு அடியையும் அதுவே காகிதச் சுருளில் எண் போட்டு அச்சடிக்கிறது.

வானொலி, 08:10, தோண்டும் இடம். அருளப்பன் மாமா: "ஏட்டி, நெசமாவா? கேரம் கையா தட்டுது? எனக்கு வேல போச்சுன்னு சொல்லு. அதுக்கு டீ குடிக்கத் தெரியுமா?" சிரித்தார். பிறகு: "கண்ண எடுக்காம பாரு, என்ன? மிஷினு நாம சொன்னத மட்டுந்தான் செய்யும்."

இரண்டாம் நாள். 10:30

சுண்டி தட்டியது: 34. பிழை: 0. நான் பக்கத்தில் விரலை நீட்டியபடி இருந்தேன். ஒரு தடவையும் தேவைப்படவில்லை.

பத்து நிமிடம் மேசையில் தலை வைக்கிறேன்.

இரண்டாம் நாள். 11:40

மேலே 'பத்து நிமிடம்' என்பதற்குக் கோடு போட்டிருக்கிறேன். சரியானது: நாற்பத்தொரு நிமிடம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

குழாயின் சத்தம் மாறியதால் விழித்தேன். எப்போதும் 'ம்ம்ம்' என்றிருக்கும். மெலிந்து விசில் மாதிரி ஆகியிருந்தது. திரையில் வால்வு 63 என்றிருந்தது. 62. 61.

இதற்குமுன் வந்த கட்டத்தைக் கணினியின் குறிப்பில் தேடிப் படித்தேன். அது நீலப் பட்டைக் கட்டம் அல்ல. மஞ்சள் பட்டை. 'பகுதி 3: ஒரு நாள் முழுதும் அசைவு இல்லை. ஆள் இல்லாத பகுதிக்கு வால்வை மூடலாமா?' சுண்டி கட்டத்தைப் பார்த்தது. நான்காம் விசையைத் தட்டியது. ஆம் என்றது.

அது தவறே செய்யவில்லை. கட்டம் வந்தால் தட்டு என்றேன், கட்டம் வந்தது.

அவர்கள் அசையாமல் படுத்திருப்பதால்தான் என்று முதலில் நினைத்தேன். இல்லை. அசைவுக்கண் மூச்சு விடும் நெஞ்சைக்கூடப் பார்க்கும். பார்க்கவில்லை என்றால் கண் மறைந்திருக்கிறது. கண்ணை மறைத்தது யார் என்று அப்போது தெரிந்தது. குமிழின் நட்டநடுவில், பெரிதாக, அழகாக.

காலையில் திரைப் பொட்டைத் துடைத்தேனே, அப்போதே மற்றப் பொட்டுகள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தொலைபேசி, 11:13. நான்: "அம்மா, அசைவுக்கண்ணு மேல சந்தனம் காஞ்சிருக்கு. துடை. உடனே துடை. வால்வு மூடுது."

அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஓடும் சத்தம். யாரோ "தோள்ல ஏறு கோமளா, ஏறு" என்றார். சுரண்டும் சத்தம். அம்மா: "கல்லாட்டம் ஒட்டியிருக்குடி, எவ்ளோ கெட்டியா வச்சிருக்க!" எச்சில் துப்பித் தேய்த்தாள் என்று பிறகு சொன்னார்கள்.

59. 58. 'பகுதி 3: அசைவு உண்டு. திறக்கலாமா?' சுண்டியைத் தள்ளிவிட்டு நானே நான்காம் விசையைத் தட்டினேன். மோட்டார் உறுமியது. நின்றது. மறுபடி தட்டினேன். வால்வு 58-இலேயே சிக்கிவிட்டது. அதற்குமேல் திறக்காது; மூடச் சொன்னால் மட்டும் மூடும் என்று திரை காட்டியது.

58 என்பது ஐந்து பேருக்கான காற்று. உள்ளே ஒன்பது பேர்.

இரண்டாம் நாள். 12:25

இப்போது நானே தட்டுகிறேன். 12.

வானொலியில் அருளப்பன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனத்தையும் சொன்னேன். தூங்கியதையும் சொன்னேன். ஜாக்கி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு: "அந்தச் சந்தனத்த நானுந்தான பாத்தேன். அழகா இருக்குன்னு சொன்னேன்லா. சரி விடு. இப்ப என்ன செய்யணும்னு மட்டும் பேசுவோம்."

தோண்டி முடிக்க இன்னும் பதினெட்டு மணி நேரம். ஒன்பது பேருக்கு ஆறு மணி நேரம்தான் தாங்கும் என்று அம்மா கணக்குப் போட்டிருக்கிறாள். பனிப்பாளங்களுக்கு நடுவில் ஒரு இடுக்கு இருக்கிறது. அந்தப் பக்கம் வரை போகிறது. பதினெட்டு மீட்டர். அகலம் நாற்பது சென்டிமீட்டர். அதன் வழியாக இன்னொரு காற்றுக்குழாயை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டால் போதும். பெரியவர்களின் விண்வெளி உடுப்பு அதில் நுழையாது.

என் உடுப்பின் தோள் அகலம் முப்பத்தாறு சென்டிமீட்டர். நானே அளந்தேன். இரண்டு தடவை.

வானொலி, 12:19. அருளப்பன் மாமா: "நாங் கேக்க மாட்டேன்ட்டி. ஒங்க அம்மகிட்ட கேளு."

தொலைபேசி, 12:21. அம்மா: "வேணாம்." கொஞ்ச நேரம் கழித்து: "பிச்சமுத்து ஏதோ சொல்றான்." பிச்சமுத்து அண்ணன்: "பாப்பா, சுண்டல தின்னுட்டியா?" ஆமாம் என்றேன். "அப்ப வா. நேர்ல ஒத வாங்கிக்க." அவர் சிரிக்க முயன்றார், இருமல்தான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அம்மா மறுபடி வாங்கி: "நீ வந்தா நாற்காலில யாரு?"

அதுதான் கேள்வி. ஜாக்கியிலிருந்து ஒருவர் கையை எடுத்தாலும் கூரை இறங்கும். இயந்திரக்காரர்தான் இடுக்கின் வாயில் நின்று குழாயை உள்ளே விட வேண்டும். ட்ராலி ஆளில்லாமல் வந்து என்னை ஏற்றிக்கொள்ளும். போக இருபத்தைந்து நிமிடம். போய் வர நான்கு மணி நேரம். அதுவரை இங்கே சுண்டி மட்டும்.

"சுண்டிக்கு 'இல்லை' சொல்லக் கத்துக்கொடுக்கிறேன்" என்றேன்.

அம்மா: "எவ்ளோ நேரம் வேணும்?"

"ஒன்றரை மணி நேரம்."

அம்மா: "ஒண்ணேகால்ல முடி."

இரண்டாம் நாள். 13:20

இன்னொரு கட்டமும் வரத் தொடங்கிவிட்டது. முதலில் 11:52-க்கு வந்தது, இப்போது அடிக்கடி வருகிறது. மஞ்சள் பட்டை. 'பகுதி 2: அசைவு இல்லை. வால்வை மூடலாமா?' முதல் பகுதியின் கண்ணிலிருந்த பொட்டை இயந்திரக்காரர் துடைத்துவிட்டார். இரண்டாம் பகுதியின் கண் பனிக்கடியில் புதைந்துவிட்டதால் அதைத் துடைக்க ஆளில்லை. அங்கே ஆளில்லை என்பதும் உண்மை. ஆனால் அம்மாவுக்குப் போகும் குழாய் அதன் வழியாகத்தான் போகிறது. இதற்கு ஒன்பதாம் விசை தட்டவேண்டும்.

ஆகவே நீலத்துக்கு ஆம். மஞ்சளுக்கு இல்லை. மாற்றித் தட்டினால் இரண்டு பக்கமும் சாவு.

செய்முறை: ஒன்பதாம் விசையில் சந்தனப் பொட்டு வைத்து, அதை வெள்ளைக் காய் என்று சுண்டிக்குச் சொன்னேன். பட்டை நீலமானால் சிவப்பு. பட்டை மஞ்சளானால் வெள்ளை. இரண்டும் இல்லாத எது வந்தாலும் எதையும் தொடாதே, மணியை அடி. இந்தக் கடைசி விதியைத்தான் காலையிலேயே எழுதியிருக்க வேண்டும். தெரிந்ததைச் செய்யச் சொல்லிக்கொடுத்தேன்; தெரியாததைத் தொடாமலிருக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டு விசையையும் மூடியால் மறைத்து, சுண்டி தட்டுவதைப் பார்த்துக்கொண்டு, உண்மை விசையை நானே தட்டினேன்.

சரி, சரி, சரி, சரி, தவறு.

தவறு. நீலத்தை மஞ்சள் என்று எடுத்துக்கொண்டு 'இல்லை' தட்டியது. பணியாளர் இல்லை என்று.

ஏன்?

இரண்டாம் நாள். 13:32

கண்டுபிடித்துவிட்டேன். கூரை விளக்கு. அதன் மஞ்சள் வெளிச்சம் திரைக் கண்ணாடியில் படுகிறது. கட்டம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இடம் மாறி வருகிறது. பட்டை அந்த வெளிச்சத்துக்குள் வந்துவிட்டால் நீலம் வெளிறிச் சுண்டிக்கு மஞ்சளாகத் தெரிகிறது. மனிதக் கண்ணுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அருளப்பன் மாமா இத்தனை வருடமாக அந்த விளக்கடியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கிளம்பும்போது கூரை விளக்கையே அணைக்க வேண்டும். இப்போதைக்கு ஜமுக்காளத்தைக் கட்டி வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தேன். சரி.

இரண்டாம் நாள். 13:58

மறைத்து வைத்துச் சோதித்தது ஒன்பது தடவை. ஆறு நீலம், மூன்று மஞ்சள். ஒன்பதும் சரி.

ஒன்பது போதாது என்று எனக்குத் தெரியும். நூறாவது தடவை எப்படி இருக்கும் என்று ஒன்பதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வேறு நேரம் இல்லை.

விசைத் தவறு இரண்டில் நிற்கிறது. நான் இல்லாத நான்கு மணி நேரத்தில் நீலமும் மஞ்சளுமாக ஏறக்குறைய தொண்ணூறு கட்டம் வரும்.

தொலைபேசி, 13:50. அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அம்மாவின் குரல் மெதுவாகிவிட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் காத்திருக்கிறாள். "நம்புறியா, அந்தக் கைய?"

"ஒன்பது தடவைக்கு நம்புறேன்" என்றேன்.

அம்மா: "போன மேசை மேல வச்சிட்டு வா. மாட்டிராத. அது தட்டற சத்தம் எனக்குக் கேக்கட்டும்."

மணி அடித்தால் அதுவும் அம்மாவுக்குக் கேட்கும். ஆனால் அங்கிருந்து அவளால் எதுவும் செய்ய முடியாது. இதை நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

மூடிகளை எடுத்துவிட்டேன். சுண்டி தட்டியது. டக். ரிசீவரிலிருந்து அம்மா: "கேட்டுது."

இரண்டாம் நாள். 14:06

ட்ராலி வந்துவிட்டது. அதன் முன்பக்கத்தில் என் பொட்டு இருக்கிறது. கண்ணிலோ விளக்கிலோ இல்லை, வெறும் இரும்பில்தான். பார்த்துவிட்டேன்.

இதைப் படிப்பவருக்கு: மேசையின் வலது பக்கத்தில் சுண்டியின் காகிதச் சுருள் இருக்கிறது. அதில் கடைசி எண்ணைப் பாருங்கள். எண்கள் விட்டுப்போகாமல் ஓடியிருந்தால் சுண்டி தன் வேலையைச் செய்திருக்கிறது. நின்றிருந்தால், அது நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றைப் பார்த்திருக்கிறது. அதைக் குற்றம் சொல்ல வேண்டாம். பகுதி 3-இன் அசைவுக்கண்ணைச் சந்தனத்தால் மறைத்தது நான். நாற்பத்தொரு நிமிடம் தூங்கியது நான். இரண்டும் பேனாவால் எழுதப்பட்டிருக்கின்றன, அழிக்கவில்லை.

நீல டப்பா காலியாக இருப்பதற்கும் நானே காரணம்.

உடுப்பின் கையுறை போட்டுவிட்டதால் எழுத்து பெரிதாக வருகிறது. இன்னும் இரண்டு வரிதான்.

சுண்டி தட்டியது: 7. பிழை: 0. ரிசீவரில் அம்மா ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஏழு என்றாள். நானும் ஏழு என்றேன்.

முடிவு:

இதற்கு இடம் விட்டிருக்கிறேன். வந்து எழுதுவேன்.

14:09. கூரை விளக்கை அணைத்துவிட்டேன்.